பட்டிருப்புத் தேர்தற்றொகுதி: தோற்றமும் மறைவும்

கிழக்கிலங்கையின் நிலப்படத்தை நோக்குவார்க்கு முதற்கண் புலனாவது மட்டக்களப்புக் களப்பேயாகும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்திற்குக் கடற்கரையோடு ஒட்டிக்கிடக்கும் இந்நீர்ப்பரப்பு நாட்டை இரு கூறாக்குகின்றது. ஞாயிறு எழும் திசையிலே கடலுக்கும் களப்புக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணல்நிலம் எழுவான்கரை எனப்படும். ஞாயிறு படும் திசையிலே வயலும் குளமும் காடுமாய் விரிந்து கிடக்கும் நிலம் படுவான்கரை எனப்படும். செட்டிபாளையம் எழுவான்கரையிலே, மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருந்தெருவை ஒட்டி அமைந்த ஊர். இதன் கண்ணகி அம்மன் ஆலயம் அயலூரார் பலரும் அறிந்தது. இவ்வூரையும் இதன் அயலூர்களையும் படுவான்கரை ஊர்களோடு ஒருங்கு சேர்த்து, பாராளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரை அனுப்பும் உரிமையைத் தந்த அமைப்பே பட்டிருப்புத் தேர்தற்றொகுதி. 1947ஆம் ஆண்டிலே தோன்றி 1989ஆம் ஆண்டிலே தனித்தொகுதி என்னும் நிலையை இழந்த இதன் வரலாறு, ஒரு சிறு நிலப்பகுதியின் வரலாறு மட்டும் அன்று. இலங்கையிலே மக்களாட்சி நடந்து வந்த வழியையும் அது காட்டுவதாகும்.

தொகுதி என்பது யாது?

ஒரு நாட்டின் மக்கள் அனைவரும் ஓரிடத்திற் கூடிச் சட்டம் இயற்றல் இயலாது. ஆகவே தம் பொருட்டுப் பேசுதற்குச் சிலரைத் தெரிந்து அனுப்புகின்றனர். அங்ஙனம் தெரிதற்பொருட்டு நாடு பகுக்கப்படும்போது ஒவ்வொரு பகுப்பும் ஒரு தொகுதியாகும். பகுக்கும் முறை இரண்டு வினாக்களுக்கு விடை கூற வேண்டும். ஒரு தொகுதியில் எத்துணை மக்கள் இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. எவ்வெவ் ஊர்கள் ஒருங்கு சேர்தல் வேண்டும் என்பது மற்றொன்று. முன்னையது கணக்கைச் சார்ந்தது. பின்னையது மக்களின் வாழ்க்கையைச் சார்ந்தது.

இவ்விரண்டினும் பிழை நேரின் மக்களாட்சி பெயரளவிலேயே நிற்கும். இங்கிலாந்திலே பழைய சேரம் என்னும் இடத்திற் குடியிருப்போர் அற்றொழிந்த பின்னும் அது பாராளுமன்றத்துக்கு இருவரை அனுப்பி வந்தது. அதேபொழுது மான்செசுற்றர் போன்ற பெருநகர்களுக்குத் தனி உறுப்பினர் இலர். 1832ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டமே இம்முறைகேட்டை நீக்கிற்று. அமெரிக்காவில் மசாச்சூசெற்சு மாநிலத்திலே 1812ஆம் ஆண்டில் ஆளுநர் எல்பிரிட்சு கெரி ஒப்பமிட்ட தொகுதி எல்லைகளுள் ஒன்று பல்லியைப் போல் வளைந்து கிடந்தமையால், கட்சி நலத்துக்காக எல்லை வரையும் செயலுக்கு அவர் பெயரே அந்நாட்டு வழக்கில் நிலைத்துவிட்டது. எல்லைக்கோட்டை வரையும் கை, வாக்களிக்கும் கையினும் வலியது ஆதல் உண்டு என்பதற்கு இவை சான்று.

தொகுதிக்கு முற்பட்ட காலம்

இலங்கையிலே 1833ஆம் ஆண்டிற் சட்டநிரூபண சபை நிறுவப்பட்டபோது, உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் அறுவருள் தமிழர் பொருட்டு ஒருவரே இருந்தார். அவரும் மக்களால் தெரியப்பட்டவர் அல்லர், தேசாதிபதியால் நியமிக்கப்பட்டவர். யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் பொதுவான அவ்வொருவர், களப்போரத்து உழவனின் குறையை அறிந்திருத்தல் அரிது. 1920ஆம் ஆண்டுகளிலே நிலப்பகுப்பு முறையிலே உறுப்பினரைத் தெரியும் வழக்கம் வந்ததாயினும், கல்வியும் சொத்தும் வருவாயும் உடைய ஆடவரே வாக்காளர் ஆயினர். நாட்டு மக்களுள் நூற்றுக்கு நால்வர் அளவினரே அவ்வுரிமை பெற்றிருந்தனர். பெண்டிர்க்கு அவ்வுரிமை இல்லை.

1931ஆம் ஆண்டு இந்நிலையை அடியோடு மாற்றியது. டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி, 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டது. ஆசியாவிலே சர்வசன வாக்குரிமையை முதன்முதற் பெற்ற நாடுகளுள் இலங்கை முன்னிற்பது. யாழ்ப்பாணக் குடாநாடு அவ்வாண்டின் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிட்கரித்தது. மட்டக்களப்புப் பகுதி பகிட்கரிக்கவில்லை. வயலில் நாற்று நட்ட கையும், வலை வீசிய கையும், பாய் இழைத்த கையும் அன்று முதல் வாக்களிக்கும் கைகளாயின.

ஆயினும் அரசாங்க சபைக்கு நாடு முழுவதிலும் 50 தொகுதிகளே இருந்தமையால், கிழக்கில் அமைந்த தொகுதிகள் பெரும்பரப்பின. மட்டக்களப்பு தெற்கு எனவும் திருகோணமலை–மட்டக்களப்பு எனவும் வழங்கிய அத்தொகுதிகளில் நூற்றுக்கணக்கான ஊர்கள் அடங்கின. திருகோணமலை–மட்டக்களப்பின் உறுப்பினராய் 1943ஆம் ஆண்டு சபை புகுந்த வ. நல்லையா, சிங்களத்தை மட்டும் அரசமொழியாக்கக் கருதிய பிரேரணைக்குத் தமிழையும் சேர்க்குமாறு 1944ஆம் ஆண்டிலே திருத்தம் கொணர்ந்தவர். கிழக்கிலிருந்து சென்ற ஓர் உறுப்பினர் நாடு முழுவதற்கும் பொருந்தும் வினாவை எழுப்பியமைக்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

பட்டிருப்பின் பிறப்பு

சோல்பரி அரசியலமைப்பு 1946ஆம் ஆண்டிலே வகுக்கப்பட்டபோது தொகுதிகளைப் பகுக்கும் பொறுப்பு ஒரு தனி ஆணைக்குழுவிடம் விடப்பட்டது. எல். எம். டி. டி சில்வா அதன் தலைவர். அக்குழு பின்பற்றிய கணக்கு பின்வருமாறு: ஒவ்வொரு மாகாணத்திலும் 75,000 மக்களுக்கு ஓர் ஆசனம், அதனோடு ஒவ்வோர் 1,000 சதுர மைல் பரப்புக்கும் ஓர் ஆசனம். மக்கள் தொகையால் 70 ஆசனங்களும் பரப்பால் 25 ஆசனங்களுமாக மொத்தம் 95 ஆயின. நியமன உறுப்பினர் அறுவரையும் கூட்டப் பிரதிநிதிகள் சபை 101 உறுப்பினரைக் கொண்டதாயிற்று.

பரப்புக்கு ஏன் ஆசனம் தருதல் வேண்டும் என்று வினவலாம். மக்கள் நெருங்கி வாழும் மேற்குக் கரையிலே ஓர் உறுப்பினர் சில மணி நேரத்தில் தம் தொகுதியைச் சுற்றி வருவார். காடும் களப்பும் ஆறும் குறுக்கிடும் கிழக்கிலே அது பல நாள் வேலை. அன்றியும், மக்கள் தொகையை மட்டும் நோக்கின் வறண்ட மாகாணங்களின் குரல் சபையிலே கேளாது போகும். ஏறத்தாழ நாலாயிரம் சதுர மைல் பரப்பும் குறைந்த குடித்தொகையும் உடைய கிழக்கு மாகாணம் இவ்விதியாற் பெரும்பயன் எய்திற்று. மக்கள் தொகைக்கு மூன்றும் பரப்புக்கு நான்குமாக அதற்கு ஏழு ஆசனங்கள் கிடைத்தன. அவை திருகோணமலை, மூதூர், கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு, கல்முனை, பொத்துவில் என்பன. பட்டிருப்பு என்னும் தொகுதி நிலப்பரப்பின் பேற்றால் எழுந்த தொகுதிகளின் கூட்டத்தைச் சேர்ந்தது எனல் மிகையாகாது.

இனி, எவ்வூர்களை எவ்வூர்களோடு சேர்ப்பது என்னும் இரண்டாவது வினாவுக்கு வருதல் தகும். இனத்தாலோ சமயத்தாலோ பிற தொடர்பாலோ ஒன்றுபட்ட மக்கள் ஓரிடத்திற் செறிந்து வாழின், அவர்க்குப் பிரதிநிதித்துவம் கிட்டும் வண்ணம் தொகுதியை அமைக்கலாம் என்று அரசியலமைப்பு ஆணைக்குழுவுக்கு இடங்கொடுத்தது. மட்டக்களப்புத் தொகுதியிலே தமிழரும் காத்தான்குடி, ஏறாவூர் முதலிய ஊர்களின் முசுலிம் மக்களும் அடுத்தடுத்து வாழ்ந்தனர். கல்முனையிலும் பொத்துவிலிலும் முசுலிம் மக்கள் மிக்கிருந்தனர். பட்டிருப்பிலோ பெரும்பாலார் தமிழர். 1960ஆம் ஆண்டு முதல் மட்டக்களப்பு இரட்டை உறுப்பினர் தொகுதியாக அமைய, பட்டிருப்பு ஒற்றை உறுப்பினர் தொகுதியாகவே இறுதிவரை நின்றமைக்குக் காரணம் இவ்வேறுபாடே.

பெயரும் நிலமும்

பட்டிருப்பு என்பது களுவாஞ்சிகுடியை அடுத்துக் களப்போரத்தில் அமைந்த ஊர். பெருந்தெருவில் உள்ள ஊர்களினும் இது பெரிதன்று. எனினும் எழுவான்கரையிலிருந்து பெரியபோரதீவு வழியாகப் படுவான்கரைக்குச் செல்லும் பாதை இவ்விடத்திலேயே களப்பைக் கடக்கின்றது. பட்டிருப்புப் பாலம் என்றாலே இரு கரைகளும் இணையும் இடம் என்பது அப்பகுதியார் கருத்து. தொகுதிக்கு இப்பெயர் அமைந்தமை பொருத்தமாயிற்று. ஏனெனில் தொகுதியும் இரு கரைகளை இணைத்த ஒரு பாலமே.

எழுவான்கரையிலே குருக்கள்மடம், செட்டிபாளையம், மாங்காடு, தேற்றாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிகுடி, எருவில், மகிழூர், குருமண்வெளி, ஓந்தாச்சிமடம், கோட்டைக்கல்லாறு, பெரியகல்லாறு, துறைநீலாவணை ஆகிய ஊர்கள் தெருவையும் களப்பையும் ஒட்டிச் சரம்போல் அமைந்துள்ளன. இவை பழைய மண்முனை தெற்கு, எருவிற்பற்று என்னும் பிரிவுகளைச் சார்ந்தவை. படுவான்கரையிலே போரதீவுப்பற்றைச் சார்ந்த பழுகாமம், வெல்லாவெளி, மண்டூர் முதலியனவும், தான்தோன்றீச்சரர் ஆலயத்தாற் புகழ்பெற்ற கொக்கட்டிச்சோலையைச் சூழ்ந்த ஊர்களும் உள. தென்னையும் தோட்டமும் மீன்பிடியும் அரச உத்தியோகமும் எழுவான்கரையின் வாழ்வு. நெல்லும் கால்நடையும் படுவான்கரையின் வாழ்வு. எழுவான்கரையிற் குடியிருப்போர் பலர்க்கு வயல் இருப்பது படுவான்கரையிலேதான். விதைப்புக் காலத்தும் அறுவடைக் காலத்தும் அவர்கள் களப்பைக் கடந்து செல்வர். மண்டூர் முருகன் திருவிழாவுக்கும் கொக்கட்டிச்சோலைத் தேருக்கும் எழுவான்கரையார் திரண்டு போவர். செட்டிபாளையம், களுதாவளை முதலிய ஊர்ச் சடங்குகளுக்குப் படுவான்கரையார் வருவர்.

ஆகவே நிலப்படத்திலே களப்பு இரு கரைகளையும் பிரிக்கின்றது. வாழ்க்கையிலே அது பிரிக்கவில்லை. எல்லை வரைந்தோர் களப்பை எல்லையாகக் கொண்டு எழுவான்கரையை மட்டக்களப்பு நகரோடும் படுவான்கரையை வேறொன்றோடும் சேர்த்திருத்தல் எளிது. அங்ஙனம் செய்யாமையால், குடியிருப்பும் வயலும் ஒரே உறுப்பினரின் பொறுப்பாயின. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே, குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையே நெடுங்காலம் மக்களை ஏற்றிச் சென்ற படகுப்பாதைகளைப் பற்றிய முறையீடு இரு கரைகளுக்கும் பொதுவான முறையீடாயிற்று. நவகிரிக் குளத்து நீர் பற்றிய வினா போரதீவுப்பற்றின் வினா மட்டும் ஆகாது, அங்கே வயலுடைய எழுவான்கரையாரின் வினாவும் ஆயிற்று.

முப்பதாண்டுத் தேர்தல்கள்

1947ஆம் ஆண்டின் முதற் பாராளுமன்றத் தேர்தலிலே பட்டிருப்பின் முதல் உறுப்பினராக எஸ். யூ. எதிர்மன்னசிங்கம் தெரியப்பட்டார். அத்தேர்தல் நாடு முழுவதிலும் ஒரே நாளில் நடந்ததன்று. ஆகஸ்டு 23 முதல் செப்தெம்பர் 20 வரை வெவ்வேறு நாள்களில் நடந்தது. அரசாங்க சபைக் காலத்தில் வேட்பாளருக்கு ஒரு நிறமாகப் பெட்டிகள் வைக்கப்பட்டன. பாராளுமன்றத் தேர்தலிலே நிறம் போய்ச் சின்னம் வந்தது.

1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே சி. மூ. இராசமாணிக்கம் சுயேச்சையாக நின்று வென்றார். பின்னர் அவர் தமிழரசுக் கட்சியிற் சேர்ந்தார். 1956ஆம் ஆண்டுத் தேர்தல் தனிச் சிங்களச் சட்டத்தை முன்வைத்து நடந்தது. அத்தேர்தலிலே தமிழரசுக் கட்சி வடக்கிலும் கிழக்கிலும் 10 ஆசனங்களை வென்றது. மட்டக்களப்பு, கல்முனை, பொத்துவில் ஆகிய மூன்றும் அவற்றுள் அடங்கும். பட்டிருப்போ அக்கட்சி வேட்பாளரான இராசமாணிக்கத்தை விடுத்து எதிர்மன்னசிங்கத்தை மீளவும் அனுப்பியது. அயற்றொகுதிகள் மூன்றும் ஒரு திசையிற் செல்ல இத்தொகுதி வேறு திசையிற் சென்றமை கருதத்தக்கது. ஒற்றை உறுப்பினர் தொகுதியிலே கட்சியின் அலையோடு வேட்பாளரின் ஊர்ச் செல்வாக்கும் உறவும் சேவையும் எடைபோடப்படும் என்பதற்கு இது சான்றாகும்.

1959ஆம் ஆண்டிலே இரண்டாம் எல்லை நிர்ணய ஆணைக்குழு நாட்டை 145 தொகுதிகளாக வகுத்தது. தெரியப்படும் உறுப்பினர் தொகை 151 ஆயிற்று. வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. கல்லோயாத் திட்டத்தின் குடியேற்றங்களால் மட்டக்களப்பின் தென்பகுதியிலே குடித்தொகையின் இயல்பு மாறத் தொடங்கியிருந்தது. அம்பாறை என்னும் புதிய தொகுதி உருவாயிற்று. 1961ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாகவும் பிரிந்தது. அது முதல் மட்டக்களப்பு மாவட்டத்துக்கு எஞ்சியவை கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என்னும் மூன்றே. பட்டிருப்பு மாவட்டத்தின் தென்னெல்லைத் தொகுதியாயிற்று.

1960ஆம் ஆண்டு மார்ச்சு 19ஆம் நாள் நாடு முழுவதிலும் ஒரே நாளில் வாக்கெடுப்பு நடந்தது. அதில் இராசமாணிக்கம் வென்றார். அவ்வாண்டு யூலையிலும், 1965ஆம் ஆண்டிலும் தொடர்ந்து வென்றார். 1961ஆம் ஆண்டு பெப்ருவரி முதல் கச்சேரிகளின் முன் நிகழ்ந்த சத்தியாக்கிரகத்தில் அவர் முன்னின்றார். தமிழரசுக் கட்சியின் தலைவர் பதவியையும் வகித்தார். களப்போரத்துச் சிறு தொகுதி ஒன்றின் உறுப்பினர் ஒரு தேசியக் கட்சியின் தலைமைக்கு உயர்ந்தமை பட்டிருப்புக்குப் பெருமையாயிற்று.

ஆயினும் அப்பெருமை 1970ஆம் ஆண்டுத் தேர்தலிலே அவரைக் காக்கவில்லை. ஐக்கிய தேசியக் கட்சியின் எஸ். தம்பிராசா வென்றார். அத்தேர்தலில் அக்கட்சி நாடு முழுவதிலும் பெற்றவை 17 ஆசனங்களே. அவற்றுள் ஒன்று பட்டிருப்பு. நாட்டின் பேரலைக்கும் தமிழ்ப் பகுதியின் பேரலைக்கும் இசையாது தன் வழியே சென்றது இத்தொகுதி. உரிமை பற்றிய அரசியல், வீதியும் குளமும் பள்ளிக்கூடமும் வேலைவாய்ப்பும் பற்றிய அரசியல் என்னும் இரண்டையும் மக்கள் மாறி மாறி நிறுத்துப் பார்த்தனர் என்றே இதனைக் கொள்ளல் வேண்டும். இருவகைத் தேவையும் மெய்யானவை. எந்த உறுப்பினரும் அவற்றுள் ஒன்றை மறந்தாற் பதவியில் நிலைத்திருத்தல் அரிது என்பதைப் பட்டிருப்பு வாக்காளர் பன்முறை காட்டினர்.

1976ஆம் ஆண்டின் ஆணைக்குழு 160 தொகுதிகளையும் 168 உறுப்பினரையும் வகுத்தது. 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் பூ. கணேசலிங்கம் வென்றார். தொகுதி முறையின்கீழ் பட்டிருப்பு தெரிந்தெடுத்த இறுதி உறுப்பினர் அவரே.

தொகுதி மறைந்த வரலாறு

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஒற்றை உறுப்பினர் தொகுதி முறையை நீக்கி விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைப் புகுத்தியது. அதற்கு வலுவான காரணம் இருந்தது. 1977ஆம் ஆண்டிலே ஐக்கிய தேசியக் கட்சி பெற்ற வாக்குகள் நூற்றுக்கு 51 அளவின. பெற்ற ஆசனங்களோ 168இல் 140. ஒரு தொகுதியில் ஒரு வாக்கு மிகுதியாற் றோற்றவர்க்கு அளிக்கப்பட்ட வாக்குகள் அனைத்தும் பயனற்றுப் போகும் குறை அம்முறையில் உண்டு. விகிதாசார முறை அதனைத் திருத்த முயன்றது.

ஆயினும் புதிய முறையின்படி தேர்தல் உடனே நடந்திலது. 1982ஆம் ஆண்டு திசெம்பர் 22இல் நடந்த மக்கள் தீர்ப்பு, 1977ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்தின் ஆயுளை 1989 வரை நீட்டியது. அடுத்த ஆண்டு யூலையிலே தமிழருக்கு எதிரான வன்செயல் நாடெங்கும் மூண்டது. ஆகஸ்டு மாதத்திலே நிறைவேறிய ஆறாம் திருத்தம் பிரிவினையைக் கைவிடும் சத்தியத்தை உறுப்பினர் மீது சுமத்தியது. கூட்டணி உறுப்பினர் சபைக்குச் செல்லாதிருந்தனர். தொடர்ந்து மூன்று மாதம் வாராமையால் ஆசனங்களை இழந்தனர். பட்டிருப்பின் ஆசனமும் அங்ஙனமே வெறுமையாயிற்று. நெடிது நீட்டப்பட்ட ஒரு பாராளுமன்றத்திலே, போரும் இடப்பெயர்வும் மூண்ட அக்காலத்திலே, குரல் மிகத் தேவைப்பட்ட மக்களுக்கு அவர் தெரிந்த குரல் இல்லாது போயிற்று. இத்தொகுதியின் வரலாற்றிலே இதனினும் துயரமான பகுதி பிறிதில்லை.

1989ஆம் ஆண்டு பெப்ருவரி 15இல் விகிதாசார முறையின்படி முதற் பொதுத்தேர்தல் நடந்தது. 22 தேர்தல் மாவட்டங்களுள் மட்டக்களப்பு ஒன்று. அதற்கு உரிய ஆசனங்கள் ஐந்து. கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என்னும் மூன்று தொகுதிகளும் அதனுள் வாக்கெடுப்புப் பிரிவுகளாக அடங்கின. அன்று முதல் பட்டிருப்பு என்னும் பெயர் வாக்குகளை எண்ணி அறிவிக்கும் பெயராயிற்று. உறுப்பினரை அனுப்பும் பெயராக அது நிலைக்கவில்லை. தேர்தல் இரவிலே வானொலியைச் செவிமடுப்போர் பட்டிருப்பின் முடிவைத் தனியே கேட்பர். ஆனால் அம்முடிவினால் ஒருவர் வெல்வதும் இல்லை. ஒருவர் தோற்பதும் இல்லை.

புதிய முறையின் இயக்கம்

இம்முறை இயங்கும் வழியைச் சுருங்கக் கூறல் மாணவர்க்குப் பயனாகும். மாவட்டத்திலே கூடிய வாக்குப் பெற்ற கட்சிக்கு முதலில் ஒரு மேலதிக ஆசனம் வழங்கப்படும். அதனைப் போனசு ஆசனம் என்பர். நூற்றுக்கு ஐந்துக்குக் குறைந்த வாக்குப் பெற்ற கட்சிகள் விலக்கப்படும். எஞ்சிய வாக்குகளை எஞ்சிய நான்கு ஆசனங்களால் வகுக்க, ஓர் ஆசனத்துக்கு வேண்டிய வாக்குத்தொகை கிடைக்கும். அதன்படி ஆசனங்கள் கட்சிகளுக்குப் பங்கிடப்படும். முழுத்தொகை அமையாதவிடத்து மிச்ச வாக்கின் பெருமை நோக்கப்படும். கட்சிக்குள்ளே எவர் செல்வார் என்பதை வாக்காளர் இடும் மூன்று விருப்பு வாக்குகள் தீர்மானிக்கும்.

2024ஆம் ஆண்டுத் தேர்தலை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மட்டக்களப்பு மாவட்டத்திலே இலங்கைத் தமிழரசுக் கட்சி மூன்று ஆசனங்களையும், தேசிய மக்கள் சக்தியும் சிறீலங்கா முசுலிம் காங்கிரசும் ஒவ்வோர் ஆசனத்தையும் பெற்றன. பழைய முறையில் ஒரே தொகுதியிற் றோற்றுப் பயனற்றுப் போகும் சிறுபான்மை வாக்குகள் இம்முறையிலே ஆசனமாக மாறுகின்றன. அத்தேர்தலிலே 22 மாவட்டங்களுள் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெறாத மாவட்டம் மட்டக்களப்பு ஒன்றே என்பதும் குறிப்பிடத்தக்கது. பழைய பட்டிருப்பின் தனிப்போக்கு இப்பொழுது மாவட்டம் முழுவதற்கும் உரியதாயிற்று போலும். தமிழரசுக் கட்சியிலிருந்து வென்றோருள் ஒருவரான சாணக்கியன் இராசமாணிக்கம், பழைய பட்டிருப்பு உறுப்பினர் இராசமாணிக்கத்தின் பேரன் ஆவர்.

பெற்றதும் இழந்ததும்

இரு முறைகளையும் ஒப்பு நோக்கின் ஒவ்வொன்றிலும் நன்மையும் குறையும் உண்டு. தொகுதி முறையிலே செட்டிபாளையத்துக் குடியானவன் ஒருவன் தன் வயலுக்கு நீர் வராவிடின் யாரிடம் செல்ல வேண்டும் என்பதை அறிந்திருந்தான். அவ்வுறுப்பினர் ஒருவரே, பொறுப்பைப் பிறர்மேற் சுமத்த அவருக்கு வழியில்லை. மறுமுறை வாக்குக் கேட்டு வரும்போது அவர் கணக்குச் சொல்லியே ஆதல் வேண்டும். 1956இலும் 1970இலும் உறுப்பினர் மாறியமை அக்கணக்குக் கேட்கப்பட்டமையின் அடையாளம். மாவட்ட முறையிலே உறுப்பினர் ஐவர். ஐவரும் உரியவர் எனின் ஒருவரும் உரியவர் அல்லர் என்னும் நிலை நேர்தல் உண்டு. வேட்பாளர் வடக்கே வாகரை முதல் தெற்கே துறைநீலாவணை வரை விருப்பு வாக்குத் திரட்ட வேண்டியிருத்தலின், பொருள் வலியுடையோர்க்கே வெற்றி எளிதாகின்றது. ஒரே கட்சி வேட்பாளர் தம்முட் போட்டியிடும் இழுக்கும் நேர்கின்றது.

மறுபுறத்தே, தொகுதி முறையிலே தோற்றவரின் ஆதரவாளர் ஐந்தாண்டு ஊமையராய் இருந்தனர். மாவட்ட முறையிலே அவர்க்கும் ஒரு குரல் கிட்டுகின்றது. ஆகவே பழையதே சிறந்தது என்று முடிவு கூறல் பொருந்தாது. இரண்டின் நன்மையையும் சேர்க்க இயலுமா என்பதே ஆராய வேண்டிய வினா.

இவ்வினா ஏட்டளவினது அன்று. உள்ளூராட்சித் தேர்தல் 2018ஆம் ஆண்டு முதல் கலப்பு முறையிலே, நூற்றுக்கு 60 உறுப்பினர் வட்டார வழியாகவும் 40 உறுப்பினர் விகிதாசார வழியாகவும் நடைபெறலாயிற்று. மாகாண சபைகளுக்கும் பாதி தொகுதி, பாதி விகிதாசாரம் என்னும் சட்டம் 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதற்கென வரையப்பட்ட எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018ஆம் ஆண்டிலே நிராகரித்தது. 2008இலும் 2012இலும் தெரியப்பட்ட கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தபின், எல்லை பற்றிய இவ்விணக்கமின்மையாற் பல்லாண்டுகள் தேர்தல் இன்றியே கழிந்தன. எல்லைக்கோடு வரையப்படாமையும் ஒரு மாகாணத்து மக்களின் வாக்குரிமையை முடக்க வல்லது என்பது இதனாற் றெளிவாகும்.

முடிவுரை

நாட்டிலே மீண்டும் தொகுதிகள் வரையப்படும் நாள் வருமாயின், பட்டிருப்பின் வரலாறு சில பாடங்களைத் தரும். பரப்புக்கும் மதிப்பளித்த 1946ஆம் ஆண்டின் விதி இல்லையேல் இத்தகைய தொகுதி தோன்றியிராது. சிறு குடித்தொகையுடைய பகுதிகளுக்கு அவ்விதி அரணாயிற்று. இரு கரைகளையும் ஒன்று சேர்த்த எல்லை மக்களின் வயலையும் வழிபாட்டையும் உறவையும் அறிந்த எல்லையாக அமைந்தது. களப்பையே எல்லையாகக் கொள்ளும் வரைபு அவற்றை அறுத்துவிடும். கல்லோயாக் குடியேற்றமும் அம்பாறைப் பிரிவும் காட்டியது போல, குடித்தொகை மாறும்போது எல்லையும் மாறும். அம்மாற்றத்தை விழித்திருந்து நோக்குவோரே தம் குரலைக் காத்துக்கொள்வர். எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லை எத்துணைச் செம்மையாக வரையப்படினும் சபையிலே ஆசனம் வெறுமையாயின் அதனாற் பயனில்லை என்பதை 1983ஆம் ஆண்டு காட்டியது.

மண்முனைத் துறையிலே 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்டபின் அங்கே களப்பைக் கடத்தல் சில நிமிட வேலையாயிற்று. கல்லாலும் இரும்பாலும் கட்டும் பாலம் கரைகளை இணைக்கும். அக்கரைகளில் வாழ்வோரின் குறையை ஆட்சி மன்றத்தோடு இணைப்பது பிரதிநிதித்துவம் என்னும் பாலம். எல்லை நிர்ணய ஆணைக்குழுக்கள் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பது வழக்கம். அங்ஙனம் கேட்கும் நாளிலே, எவ்வூர் எவ்வூரோடு உறவுடையது, எவ்வயல் எவருடையது, எத்துறையால் எவர் கடப்பர் என்பவற்றைத் தெளிவாக எடுத்துரைக்க வல்லோர் இவ்வூர்களின் பாடசாலைகளிலே பயின்று வரும் மாணவரே. தம் ஊரின் வரலாற்றை அறிந்தவனே தம் ஊருக்காக வாதாட வல்லவன். அவ்வறிவை வளர்த்தல் கல்விச்சாலைகளின் கடனாகும்.